தாழ் வேண்டும், தாழ்த்துதல் வேண்டா!

"இந்த வலையமைப்புடன் இணைய முடியவில்லை."

நான்கே சொற்கள். ஏன் முடியவில்லை என்ற விளக்கம் இல்லை. என்ன செய்தால் முடியும் என்ற வழியும் இல்லை. கல்லூரி வளாகத்து வேப்பமரத்தடியிலும், நூலகத்துத் தாழ்வாரத்திலும், விடுதியின் மாடிப்படியிலும் அமர்ந்து, எட்டாண்டு பத்தாண்டு வயதான மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த நான்கு சொற்களையும் நாள்தோறும் படித்துவிட்டு மூடி வைக்கின்ற மாணவமணிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! பார்த்தும், 'இது ஏதோ இயந்திரக் கோளாறு. இதிலே அரசியல் ஏது?' என்று கடந்து சென்றிருப்பீர்கள். அரசியல் உண்டு என்று எடுத்துரைக்கவே இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை அழைக்கிறேன்.

பழைய மடிக்கணினி யாருடைய கையில் இருக்கிறது? பொறியியல் முடித்த அப்பாவும், வங்கியிலே பணிபுரியும் அம்மாவும் உள்ள வீட்டுப் பிள்ளையின் கையிலா? இல்லை. அண்ணன் படித்து, அக்காள் படித்து, மூன்றாவதாகத் தங்கையின் மடிக்கு வந்து சேர்ந்த கணினி அது. விசைப்பலகையிலே இரண்டு எழுத்துகள் தேய்ந்திருக்கும். கீலிலே ஒட்டுநாடா சுற்றியிருக்கும். ஆனாலும் அது இயங்கும். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலே, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகள் இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் பெற்றார்கள். தொடக்க ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. பின்னர் வந்தவற்றுள் பல இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கொடுத்த ஆட்சி எது, மூடியின்மீது யார் படம் ஒட்டப்பட்டிருந்தது என்ற வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. அதற்கு வேறு ஞாயிறு இருக்கிறது. மக்களின் வரிப்பணத்தில் வாங்கிய பொருள், மக்களின் பிள்ளைகள் கையில் இருக்கிறது, மக்களின் கல்லூரி வாயிலிலே நின்று தடுமாறுகிறது என்பதே இன்றைய வழக்கு.

'அதுதான் எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறதே!' என்று எள்ளி நகையாடுவார் உண்டு. கைப்பேசியிலே பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். அறுபது பக்க ஆய்வேட்டைக் கட்டைவிரலால் எழுத முடியுமா? நிரல் எழுதிப் பிழை திருத்த முடியுமா? கல்வி உதவித்தொகை விண்ணப்பமும், தேர்வுக் கட்டணமும், நுழைவுச்சீட்டும், 2017-ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு தொடங்கிய ஸ்வயம் பாடங்களும் இணையத்தின் வழியே நடக்கின்ற காலம் இது. வளாகத்து இணையம் கிட்டாத பிள்ளை தன் காசைப் போட்டுக் கைப்பேசித் தரவை வாங்கிக் கணினிக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? களை பறித்த கையிலிருந்து, கல் சுமந்த தலையிலிருந்து!

1953-ஆம் ஆண்டில் ஆச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டம் பள்ளிக் கதவை மூடிவிடவில்லை. பாதி நேரம் திறந்து வைத்தது; மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார் என்றது. நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அங்கே இருந்தது உள்நோக்கம். இங்கே இருப்பது அசட்டை. ஆனால் வாயிலிலே நிற்கின்ற பிள்ளைக்கு, உள்நோக்கத்தால் மூடிய கதவும் அசட்டையால் மூடிய கதவும் வேறு வேறாகத் தெரிவதில்லை.

இனி, கதவு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதைத் தெரிந்துகொள்ளாமல் முழக்கம் எழுப்பினால், முழக்கம் காற்றோடு போகும்.

வீட்டிலே வைஃபை வைத்திருக்கிறோம். ஒரு கடவுச்சொல், வீட்டார் அனைவருக்கும் அதுவே. ஐயாயிரம் பேர் படிக்கின்ற வளாகத்திலே இந்த முறை செல்லாது. ஒருவன் வெளியிலே சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே 802.1எக்ஸ் என்று எண்ணிட்டு 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த முறையை வளாகங்கள் கையாளுகின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அவற்றைச் சரிபார்க்க உள்ளே ஒரு சேவையகம், அதாவது வாயிற்காவலன். இதிலே நுட்பமான இடம் ஒன்று உண்டு. மாணவன் தன் கடவுச்சொல்லைச் சொல்லுமுன், காவலன் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டவேண்டும். 'நீ மெய்யாகவே எங்கள் கல்லூரிக் காவலன்தானா?' என்று மாணவனின் கணினி அந்தச் சான்றிதழை ஆராய்கிறது. மெய் என்று கண்ட பிறகே, மறையெழுத்தால் கட்டிய ஒரு சுரங்கப் பாதை வழியாகக் கடவுச்சொல் செல்கிறது. குடிமகன் அதிகாரியிடம் 'முதலில் உன் அடையாளத்தைக் காட்டு' என்று கேட்கின்ற உரிமை இது! நாட்டிலே வேறெங்கே இந்த உரிமை இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு ஏழைக்குப் பகையா? அன்று. 2002-ஆம் ஆண்டிலே நெதர்லாந்து நாட்டுக் கல்வி வலையமைப்பைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா என்பவர் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒரு பல்கலைக்கழகத்து மாணவன் மற்றொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றால், தன் ஊர்க் கடவுச்சொல்லைக் கொண்டே அங்கும் இணையம் பெறவேண்டும் என்று. அதுவே எடுரோம் என்ற பெயரால் வளர்ந்து இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியிருக்கிறது. இந்தியாவில் அதை எர்நெட் நிறுவனம் நடத்துகிறது. அதில் சேர்ந்த கல்லூரியின் மாணவி, பாரிசிலும் பெர்லினிலும் அதே பெயரைக் கண்டு தன் கணினியைத் திறக்கலாம். பூட்டு ஒன்றே, அது ஆயிரம் வீட்டுக் கதவைத் திறக்கிறது. தாழ் என்பது விரட்டுவதற்கு மட்டுமன்று, வரவேற்பதற்கும் பயன்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் பழைய கணினி ஏன் வாயிலிலே நிற்கிறது?

முதற் காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடிகாரம்! ஒவ்வொரு கணினியின் உள்ளேயும் பொத்தான் அளவில் ஒரு சிறு மின்கலம் இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போது நாள், நேரத்தைக் காப்பது அதன் வேலை. ஆண்டுகள் பல ஆனபின் அது தீர்ந்துபோகிறது. தீர்ந்ததும், முதன்மை மின்கலமும் வெறுமையானால், கணினி தான் பிறந்த காலத்துக்கே போய்விடுகிறது. 2010 என்றோ 2012 என்றோ நாள் காட்டுகிறது. காவலன் தன் சான்றிதழை நீட்டுகிறான்; அது சென்ற ஆண்டு வழங்கப்பட்டது. கணினி பார்க்கிறது: 'இது இன்னும் பிறக்காத நாளிலே வழங்கிய சான்றிதழ், செல்லாது!' கதவு மூடுகிறது. இணையம் கிடைத்தால் கடிகாரம் தானே திருந்திவிடும்; ஆனால் கடிகாரம் திருந்தினால்தான் இணையம் கிடைக்கும்! நாளையும் ஆண்டையும் கையாலே சரிசெய்தால் அடுத்த நொடியிலே இணைந்துவிடுகிறது. மின்கலத்தை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆயிரம் ஆண்டு பழைய காலத்திலேயே வாழ்ந்துகொண்டு, இன்றைய சட்டத்தைச் 'செல்லாது' என்கின்ற மனிதர்கள் சிலரையும் நாம் அறிவோம். அவர்களுக்கு மாற்றுகின்ற மின்கலம்தான் ரிச்சி தெருவிலும் கிடைப்பதில்லை.

இரண்டாவது, சான்றிதழின் வேர். காவலனின் சான்றிதழை மெய்யென்று உறுதிசெய்ய, அதை வழங்கிய நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் கணினியின் பெட்டகத்திலே இருக்கவேண்டும். பழைய கணினியிலே பழைய மூலங்களே உள்ளன. அவற்றுக்கும் ஆயுள் உண்டு. ஆட்டிரஸ்ட் என்ற மூலச் சான்றிதழ் இருபதாண்டு வாழ்ந்து 2020-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் காலாவதியானது; புதிய மூலத்தை அறியாத பழைய கருவிகள் பல அன்று திகைத்து நின்றன. இதற்கு மருந்து, கல்லூரி தன் மூலச் சான்றிதழை மாணவர்க்கு ஒரு கோப்பாகத் தருவது. அவ்வளவே.

மூன்றாவது, மொழிப் பிரச்சினை. ஆம், இங்கும் மொழிப் பிரச்சினைதான்! சுரங்கப் பாதை கட்டுகின்ற மறைமொழிக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதன் 1.0, 1.1 பதிப்புகள் பாதுகாப்பற்றவை என்று 2021-ஆம் ஆண்டு மார்ச்சில் இணையப் பொறியியலாளர் குழு முறைப்படி ஒதுக்கிவைத்தது. கல்லூரிகளும் 1.2 முதலாக மட்டுமே பேசத் தொடங்கின. விண்டோஸ் 7 கணினியோ வைஃபை வாயிலிலே 1.0 மட்டும் பேசிப் பழகியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014-ஆம் ஆண்டிலேயே 1.2 பேசும் ஆற்றலைத் தரும் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. ஆனால் அதை நிறுவினால் மட்டும் போதாது, கணினியின் பதிவேட்டிலே ஒரு மதிப்பையும் எழுதிவைக்க வேண்டும். இதை எந்த மாணவி அறிவாள்? எந்த அறிவிப்புப் பலகையிலே இது எழுதப்பட்டிருக்கிறது?

நான்காவது மட்டுமே உண்மையில் இயந்திரத்தின் உடற்குறை. மலிவு விலையில் வந்த பழைய மடிக்கணினிகள் பல, 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையை மட்டுமே கேட்கவல்லவை. கல்லூரி 5 கிகாஹெர்ட்சுக்கு முழுவதுமாக மாறிவிட்டால், இந்தக் கணினிக்கு வலையமைப்பின் பெயரே கண்ணில் படாது. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 பூட்டை மட்டுமே ஏற்பேன் என்று வளாகம் முரண்டினாலும் இதே கதிதான். பெயர் தெரிந்து இணைய மறுப்பது வேறு. பெயரே தெரியாதது வேறு. இந்த வேறுபாட்டைக் கண்டாலே நோய் பாதி தெரிந்துவிடும். சில நூறு ரூபாய் விலையுள்ள யூஎஸ்பி வைஃபை துண்டு ஒன்றைச் செருகினால் இந்தக் குறையும் பெரும்பாலும் தீரும்.

ஆக, நான்கிலே மூன்று காரணங்கள் அமைப்பைத் திருத்தினால் போகின்றவை. ஆனால் கல்லூரிக் கணினிப் பிரிவின் சாளரத்திலே பிள்ளைக்குக் கிடைக்கும் விடை என்ன? "கணினி பழசு, புதிது வாங்கு." மருத்துவமனைக்கு வந்தவனிடம், நாடி பிடிக்காமல், 'உடம்பு பழசு' என்று சொல்லி அனுப்புகின்ற மருத்துவன் போல!

எல்லா அலுவலர்மீதும் இந்தப் பழியைப் போடமாட்டேன். ஐயாயிரம் பேருக்கு இரண்டு பேர் என்று பணியிடம் ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டிலும் ஒன்றைக் காலியாக வைத்திருக்கும் நிலை பல இடங்களில் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கின்ற இளைஞன், நாள் முழுவதும் கம்பி இழுத்துவிட்டு மாலையிலே சாளரத்தில் அமர்ந்தால், ஒவ்வொரு கணினியின் கடிகாரத்தையும் பார்க்க அவனுக்கு ஏது நேரம்? அவன் நம் எதிரியல்லன். ஆட்களைத் தராத நிர்வாகத்தையும், தரச்சொல்லி நிதி ஒதுக்காத அரசையும் நோக்கியே நம் குரல் எழவேண்டும்.

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவர் அணித் தோழர்கள் சிலர் இந்தத் துன்பத்தைக் கண்டு, 'பூட்டை எடு! வளாகத்து வைஃபையை எல்லோர்க்கும் திறந்துவிடு!' என்று முழக்கம் எழுதுகிறார்கள். நெஞ்சம் நல்ல நெஞ்சம். கோரிக்கை தவறான கோரிக்கை. மறையெழுத்தின்றித் திறந்துவிட்ட வலையிலே, பக்கத்து மேசையில் இருப்பவன் பிறருடைய போக்குவரத்தைக் கவனிக்கலாம். இன்று பல தளங்கள் தாமே மறையெழுத்தைக் கையாளுகின்றன; எனினும் எந்தத் தளத்துக்குப் போகிறாள் என்பது வெளிப்படும், போலித் தளத்துக்குத் திருப்பிவிடவும் வாய்ப்புண்டு. பணக்காரப் பிள்ளைக்கு இதனால் நேர்வது தொல்லை. முதல் தலைமுறையாகப் படிக்கவந்து, உதவித்தொகைக் கணக்கு ஒன்றை நம்பி வாழ்கின்ற பிள்ளைக்கு நேர்வது பேரிடி. பூட்டு யாருக்கு அதிகம் தேவை? இழந்தால் மீட்க வழியில்லாதவனுக்கே தேவை!

வேறு சில தோழர்கள் இன்னும் நுட்பமாகத் தவறு செய்கிறார்கள். இணைய மறுக்கின்ற கணினியை வாங்கி, அமைப்பைத் திறந்து, 'சேவையகத்தின் சான்றிதழைச் சரிபார்' என்ற கட்டத்திலே உள்ள குறியை நீக்கிவிடுகிறார்கள். உடனே இணைந்துவிடுகிறது! மாணவி மகிழ்கிறாள்; தோழரும் தோளை உயர்த்திக்கொள்கிறார். நடந்தது என்ன? 'உன் அடையாளத்தைக் காட்டு' என்று கேட்கும் உரிமையை அந்தப் பிள்ளையின் கணினி இழந்துவிட்டது. இனி, அதே பெயரிலே ஒரு போலி வலையை எவனாவது பையிலே வைத்துக்கொண்டு வாயிலோரம் நின்றால், கணினி அவனையும் காவலன் என்று நம்பிக் கைகுலுக்கும். வளாகங்களிலே மிகுதியாக வழங்கும் எம்எஸ்சாப் இரண்டாம் பதிப்பு என்ற கடவுச்சொல் முறையை, 2012-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த டெஃப்கான் மாநாட்டிலே மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்டன் என்ற இருவர் உடைத்துக் காட்டினார்கள். பிடித்த பேச்சை ஒரு நாளுக்குள் பிரித்துவிடலாம் என்று மெய்ப்பித்தார்கள். சுரங்கப் பாதை இருக்கும்வரை அந்தப் பலவீனம் வெளியே தெரியாது. சான்றிதழ்ச் சோதனையை நீக்கினால் சுரங்கத்தின் மறுமுனையிலே நிற்பவன் யாரென்றே தெரியாது. வைஃபைக்கும் மதிப்பெண் பதிவுக்கும் கட்டணக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் என்று வைத்திருக்கின்ற கல்லூரிகள் உண்டு. அங்கே ஒன்று போனால் எல்லாம் போயிற்று. உதவி செய்யப்போய் ஒருவர் வீட்டுப் பின்கதவைப் பெயர்த்துவிட்டு வருவதைப் போன்றது இது. இனி எந்தத் தோழரும் இதைச் செய்யலாகாது.

சரி, கடிகாரமும் சான்றிதழும் சரிசெய்தாயிற்று. இயங்குதளமே காலங்கடந்தது என்றால்? இங்கே கண்ணை மூடிக்கொள்ள முடியாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், டிபிஎம் 2.0 என்ற காப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாந் தலைமுறைச் செயலி முதலாக வேண்டும் என்பது விதி. அதாவது, நன்றாக இயங்குகின்ற கணினியைப் பார்த்து, 'நீ இயங்கலாம். ஆனால் இனி உன்னைக் காக்கமாட்டோம்' என்கிறது வணிகம். திருத்தம் நின்றுபோன கணினி வளாகத்துக்குள் வந்தால் பிறர்க்கும் நோய் கொண்டுவரக் கூடும் என்று கல்லூரி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அதை நாம் மறுத்தால் நேர்மையாகாது.

ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. லினக்சு இருக்கிறது, காசு கேட்பதில்லை, எடை குறைந்த வகைகள் பழைய கணினியிலும் ஓடும், புதிய பாதுகாப்புத் திருத்தங்களும் டிஎல்எஸ்ஸின் புதிய பதிப்புகளும் அதற்கு வந்துகொண்டிருக்கின்றன. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அரசு கொடுத்த அந்த மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்தே வைத்துத் தரப்பட்டது. சீ-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய இயங்குதளம் அது! கையிலேயே இருந்த செல்வத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், பெரும்பாலான வீடுகளிலே அழித்துவிட்டு, இன்று கடைத்தெருவிலே நிற்கிறோம். நிறுவும்முன் பிள்ளையின் கோப்புகளைப் பத்திரமாகப் படியெடுத்து வைப்பது மட்டும் மறவாமல் செய்யவேண்டியது. மூன்றாண்டுப் பாடக்குறிப்பை அழித்துவிட்டு விடுதலை பெற்றுத் தந்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கல்லூரியிடம் நாம் கேட்க வேண்டியது பூட்டை எடு என்பதன்று. 5 கிகாஹெர்ட்சோடு 2.4-ஐயும் நிறுத்தாமல் வை. டபிள்யூபிஏ3 வைக்கும்போது டபிள்யூபிஏ2 கணினியும் நுழையும்படி இருநிலையிலே வை. எந்தச் சான்றிதழ், எந்தச் சேவையகப் பெயர் என்பதைத் தமிழிலே எழுதி ஒட்டு. எடுரோம் அமைப்பு இதற்கென்றே தானியங்கி நிறுவி ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்து. எதுவுமே ஏலாத கணினிக்கு, இயந்திரத்துக்கு ஒன்றாகத் தனித்தனித் திறவுச்சொல் வழங்கும் முறை இன்றைய வளாகக் கருவிகள் பலவற்றிலே உண்டு. அதைத் தனி வலையாக, இணையம் மட்டும் கிட்டும்படி அமைத்துக் கொடு. நூலகத்திலே பத்துக் கம்பி இணைப்புகள் போடு. புத்தம்புதிய ஒல்லிக் கணினிகளிலே கம்பி செருகும் துளையே பல நேரம் இருப்பதில்லை. நம் பிள்ளைகளின் பழைய கணினியிலே அது இருக்கிறது. அதற்கென்று உள்ள ஒரே பெருமை அது, அதையாவது பயன்படுத்திக்கொள்வோம்.

ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருக்கின்ற கட்சியல்ல நாம். கல்லூரிகள் திறக்கின்ற கிழமையிலே, கொடிக்கம்பத்தை நடுமுன், ஒரு மேசையைப் போடுங்கள். இரண்டு நாற்காலி, ஒரு திருப்புளி, பொத்தான் மின்கலம் ஒரு பொட்டலம், சோதித்துப் பார்க்க யூஎஸ்பி வைஃபை துண்டு ஒன்று, லினக்சு ஏற்றிய பென்டிரைவு இரண்டு. வருகின்ற பிள்ளையிடம் கட்சி கேட்காதீர்கள். கடவுச்சொல்லையும் கேட்காதீர்கள், அதை அவரே தட்டட்டும். முதலிலே கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு வலையின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய அமைப்பை மறக்கச் செய்து புதிதாக இணையுங்கள். கடவுச்சொல்லை மாற்றியபின் பழையதையே கணினி ஒப்பித்துக்கொண்டிருப்பதும் உண்டு. சான்றிதழ்ச் சோதனைக் குறியின்மீது மட்டும் கை வைக்காதீர்கள்.

முதல்வரின் அனுமதிக் கடிதத்தை இப்போதே எழுதிக் கொடுத்து வையுங்கள். கணினிப் பிரிவு அலுவலரையும் அந்த மேசையிலே ஒரு மணி நேரம் அமரும்படி அழையுங்கள். வர இயலாது என்றால், சேவையகத்தின் பெயரையும் மூலச் சான்றிதழின் பெயரையும் மட்டுமாவது ஒரு தாளிலே எழுதி, அவர் கையொப்பத்தோடு வாங்கி வாருங்கள்.